லயம் முழுதும் பேசிய இங்கிலிஷ்

பரீட்சையில் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து எழுதியவர்கள் உண்டு. உள்ளங்கையில் கிறுக்கிக்கொண்டு போனவர்கள் உண்டு. ஒரு லயத்தையே சேர்த்துக்கொண்டு பரீட்சை செய்தவள், எனக்குத் தெரிந்து, நான் ஒருத்திதான். அதுவும் எழுத்துப் பரீட்சை இல்லை. வேலை கேட்டுப் போகிறவர்கள் இங்கிலிஷில் பேசிக் காட்ட வேண்டிய பரீட்சை. (சேர்த்துக்கொண்டேன் என்று சொல்வது தப்பு. அவங்களா வந்து சேந்தாங்க.)

கந்தப்பளைக்கு மேலே இருக்கிறது எங்கள் தேயிலைத் தோட்டம். எங்கள் லயம் என்பது ஒரு நீளமான தகரக் கூரையும் அதன் கீழே வரிசையாக இருக்கும் காம்பராக்களும்தான். ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா. இரண்டு காம்பராவுக்கு நடுவில் சுவர் உண்டு. ஆனால் அந்தச் சுவர் கூரை வரைக்கும் போகாது, ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே போய் நின்றுவிடும். கட்டிய வெள்ளைக்காரனுக்குக் கல் தீர்ந்துபோனதா, மனசு தீர்ந்துபோனதா என்று தெரியவில்லை. சுவருக்கும் தகரத்துக்கும் நடுவிலுள்ள அந்த இடைவெளி வழியாகத்தான் எங்கள் லயத்தில் எல்லாம் போய் வரும். அடுப்புப் புகை, கருவாட்டு வாசனை, பாட்டு, சண்டை, இருமல் எதற்கும் தடை கிடையாது.

இன்னொரு விஷயம் சொல்லவேண்டும். சுவருக்கு மேலாக யாராவது ஒன்று கேட்டால், பதில் சொல்லாமல் இருப்பது எங்களிடம் பெரிய மரியாதைக் குறைவு. இடது பக்கத்துக் காம்பராவில் இருக்கும் புஷ்பம் அக்கா, கொழுந்து எடுத்துவிட்டு வந்து காலை நீட்டிக்கொண்டே, "மணி என்னாகுது?" என்று கூரையைப் பார்த்துக் கேட்பார். யாரைக் கேட்டார் என்பது முக்கியமில்லை. யாராவது ஒருவர் சொல்லியாகவேண்டும். கேள்வி காற்றில் தொங்கக்கூடாது. இந்த நல்ல பழக்கம்தான் பிறகு என் தலையில் வந்து விழுந்தது.

வலது பக்கத்துக் காம்பராவில் மாரியப்பன் அண்ணன். தேயிலைத் தொழிற்சாலையில் மெஷின்களுக்கு நடுவில் வேலை செய்து காது கொஞ்சம் மந்தம். அதனால் அவர் வீட்டு டிவி எங்கள் எல்லோருக்கும் பொதுவானது. செய்தி தொடங்கினால் நாங்கள் டிவி போடவேண்டிய அவசியமே இல்லை.

நான் அப்போது ஏ.எல். பரீட்சை முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். பாஸ்தான், ஆனால் கெம்பஸ் போகிற அளவு பாஸ் இல்லை. அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, கொழும்பில் ஒரு புடவைக்கடையில் நீண்டகாலமாக இருக்கிறார். என்னை அனுப்பச் சொல்லி ஒவ்வொரு போனிலும் கேட்டுக்கொண்டிருந்தார். காலையிலிருந்து கடை சாத்தும் வரை நின்றுகொண்டே சேலையை விரித்து, மடித்து, மறுபடி விரித்து, கடைக்கு மேலேயே படுத்து, தீபாவளிக்கும் தோட்டத்துத் திருவிழாவுக்கும் மட்டும் வீட்டுக்கு வருகிற வேலை. என்னோடு படித்தவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் பஸ் ஏறினார்கள். அந்த வேலையைக் குறை சொல்லவில்லை. எனக்கு வீட்டை விட்டுப் போக மனசில்லை, அவ்வளவுதான்.

அந்த நேரத்தில்தான் நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்தது. போனில் வருகிற ஆட்களோடு இங்கிலிஷில் பேசி ரூம் பதிந்து கொடுக்கிற வேலை. காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் வீட்டில் தேத்தண்ணி குடிக்கலாம். விண்ணப்பம் போட்டேன். போனிலேயே இங்கிலிஷ் பேச்சுப் பரீட்சை வைப்போம், தயாராக இருங்கள் என்று பதில் வந்தது. அம்மா நீட்டி முழக்கவில்லை. "இது ஒண்ணு செஞ்சு பாரு. கெடைச்சா இங்கயே இரு. இல்லாட்டி மாமாகூட கெளம்பு" என்று சொல்லிவிட்டு, பரணில் கிடந்த பயணப் பையை எடுத்துத் தூசு தட்டி, என் கண்ணில் படுகிற மாதிரி ஆணியில் மாட்டினார்.

எனக்கு இங்கிலிஷ் தெரியாது என்று சொல்லமுடியாது. வாசித்தால் புரியும், எழுதினால் ஆசிரியருக்குப் புரியும். பேசத்தான் ஆளில்லை. எங்கள் தோட்டத்தில் இங்கிலிஷ் பேசுகிறவர் தோட்டத்தை நடத்துகிற துரை ஒருவர்தான். அவரிடம் போய் 'ஹவ் ஆர் யூ' என்று கேட்டுப் பழகமுடியுமா? ஆகவே போனில் வீடியோ பார்த்துப் படித்தேன். உதட்டுச் சாயம் போட்ட ஒரு வெள்ளைக்காரப் பெண் கேள்வியும் கேட்டு, பதிலும் சொல்லித் தருவார். கண்ணாடி முன்னால் நின்று சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள், சத்தமாகச் சொன்னால்தான் கூச்சம் போகும் என்பார். நான் அவர் சொல்லைத் தட்டவில்லை. தினமும் பொழுது சாய்ந்த பிறகு, லயத்தில் எல்லோரும் வேலையிலிருந்து வந்து உட்கார்ந்திருக்கும் நேரமாகப் பார்த்து, கண்ணாடி முன்னால் நின்று சத்தமாகச் சொன்னேன்.

வார்த்தை மட்டுமா, அந்தப் பெண்ணின் நாக்கையும் சேர்த்துப் பழகினேன். தண்ணீருக்கு 'வாரர்' என்று சொல்ல ஆரம்பித்தேன். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே, "ஏண்டி, வாயில சுடுதண்ணி ஊத்துன மாதிரி பேசுற?" என்று கேட்டார். பதில்களையும் அந்தப் பெண்ணிடமிருந்து அப்படியே எடுத்துக்கொண்டேன். பொழுதுபோக்கு என்ன என்று கேட்டால், 'ஸ்விம்மிங் அண்ட் பியானோ'. பியானோவை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். நீச்சலைப் பொறுத்தவரை, எங்கள் லயத்தில் தண்ணீர் கொட்டுகிற இடம் பீலி ஒன்றுதான். அந்தப் பீலிக்குக் கீழே நின்றால் முழங்கால் நனையும். கந்தப்பளைக் குளிரில் அதற்கே பல் கிட்டும்.

கொஞ்ச நாளில் ஒரு விஷயம் தெரிந்தது. படித்துக்கொண்டிருந்தது நான் மட்டுமில்லை. பீலிக்கு முகம் கழுவப் போனால் சின்னப் பிள்ளைகள் 'மை நேம் இஸ் கலைவாணி' என்று என் பெயரைச் சொல்லிக்கொண்டே வாளி நிரப்பின. மாரியப்பன் அண்ணன் டிவியைப் போடும் முன்னால், "தங்கச்சி, ஒன்னோட ஸ்ட்ரெங்த் சொல்லி முடிச்சிட்டியா? நான் நியூஸ் போடலாமா?" என்று சுவருக்கு மேலாக அனுமதி கேட்டார். ஒருநாள் நான் பாதியில் மறந்து நின்றபோது, அந்தப் பக்கத்திலிருந்து புஷ்பம் அக்கா அடுத்த வரியை எடுத்துக்கொடுத்தார். அவருக்கு அர்த்தம் தெரியாது. பாட்டு மாதிரிப் பாடமாகியிருந்தது.

அர்த்தத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் தொல்லை கூடியது. எல்லோருக்கும் ஒரு அபிப்பிராயம் வந்துவிட்டது. உங்களை ஏன் வேலைக்கு எடுக்கவேண்டும் என்ற கேள்விக்கு நான் 'ஐ ஆம் எ ஹார்ட் வொர்க்கர்' என்று சொல்லுவேன். அது கடின உழைப்பாளி என்று தெரிந்ததும் புஷ்பம் அக்காவுக்குப் பிடிக்கவில்லை.

"அத எடுத்துடு வாணி. இந்த மலையில எல்லாருந்தான் கடினமா ஒழைக்கிறோம். அதுக்காக யாரு நம்மள கூப்பிட்டு நாற்காலி போட்டுக் குடுத்தாங்க? வேற ஏதாச்சும் சொல்லு."

இன்றைக்கு யோசித்தால், எனக்குக் கிடைத்த அறிவுரைகளில் அதுதான் உருப்படியானது. அன்றைக்கு எனக்கு எரிச்சல்தான் வந்தது. வீடியோவில் வந்த பதிலைத் திருத்த இவர் யார் என்று நினைத்தேன். (அப்போ எனக்குப் பத்தொம்பது வயசு. ஒலகத்துல தெரியாதது ஒண்ணுமில்ல.)

பரீட்சையை ஒரு வேலை நாளில், காலைப் பொழுதில் வைக்கச் சொல்லிக் கேட்டிருந்தேன். அந்த நேரத்தில் எல்லோரும் மலைக்குப் போயிருப்பார்கள், லயம் காலியாக இருக்கும் என்பது என் திட்டம். எனக்கு ஆள் இல்லாத இடம் மிக அவசியமாக இருந்தது, ஏனென்றால் என் போனைக் காதில் வைத்தால் கேட்காது. ஒருமுறை பீலித் தண்ணீரில் விழுந்து எழுந்த போன் அது. காதில் மாட்டுகிற வயர் போடும் ஓட்டையும் போயிருந்தது. ஸ்பீக்கரில் போட்டால்தான் சத்தம் வரும், வந்தால் நன்றாகவே வரும்.

அன்றைக்குக் காலையில், வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக்குப் போனவர்கள் எல்லோரும் போன வேகத்தில் திரும்பி வந்தார்கள். வெயில் காலம், கொழுந்து வரவில்லை, இன்றைக்கு வேலையில்லை என்று பெரட்டில் சொல்லிவிட்டார்களாம். ஒரு நாள் சம்பளம் போனதே என்று வந்திருக்கவேண்டியவர்கள், என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்கள். நல்லதாகப் போயிற்று, பிள்ளையின் பரீட்சைக்கு நாங்களும் இருப்போம் என்று புஷ்பம் அக்கா சொன்னார்.

என் அப்பா அதிகம் பேசாத மனுசன். தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியைச் சுவரில் சாத்திவிட்டு, லயத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரைக்கும் நடந்து, ஒவ்வொரு காம்பராவிலும் தலையை நீட்டி, புள்ள போன்ல பேசி முடிக்கிற வரைக்கும் ஒரு சத்தம் வரக்கூடாது என்று சொல்லிவிட்டு வந்தார். நாயை மேலே கோயில் பக்கம் கொண்டுபோய்க் கட்டினார். சேவலைக் கொழுந்துக் கூடையால் மூடினார். பிறகு எங்கள் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு காவல் நின்றார்.

லயம் அடங்கியது. எப்படி அடங்கியது என்று உங்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியுமா தெரியவில்லை. நான் பிறந்ததிலிருந்து அந்தக் கூரைக்குக் கீழே சத்தம் இல்லாத நேரம் என்று ஒன்றை அனுபவித்ததே இல்லை. யாராவது பாத்திரம் கழுவுவார்கள், யாராவது பிள்ளையை அடிப்பார்கள், யாராவது குறட்டை விடுவார்கள். அன்றைக்கு ஒன்றுமே இல்லை. ஒரு கைக்குழந்தைகூட அழவில்லை. அத்தனை பேரும் எனக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது எனக்குக் கேட்டது.

போன் அடித்தது. கொழும்பு இங்கிலிஷில், தேன் குழைத்த குரலில், ஒரு பெண் காலை வணக்கம் சொன்னார். முதலில் ஒரு விதியைச் சொன்னார். பரீட்சை முடியும் வரை நான் அறையில் தனியாக இருக்கவேண்டும், யாரும் உதவக்கூடாது. தனியாகத்தான் இருக்கிறீர்களா என்று கேட்டார். ஆமாம் மிஸ் என்றேன். அதில் பொய் இல்லை. எங்கள் காம்பராவில் நான் மட்டும்தான் இருந்தேன்.

"டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்" என்றார் மிஸ்.

கண்ணாடி முன்னால் நூறு தடவை சொன்ன பதில். வாயைத் திறந்தேன். காற்றுத்தான் வந்தது. என் பெயரே மறந்துபோனது. சுவரில் தொங்கிய பயணப் பையை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். மிஸ் இன்னொரு முறை கேட்டார். கேள்வி எங்கள் தகரக் கூரைக்குக் கீழே அப்படியே தொங்கியது.

எங்கள் லயத்தில் கேள்வி தொங்கக்கூடாது.

"மை நேம் இஸ்..." என்று இடது பக்கத்துச் சுவருக்கு மேலிருந்து புஷ்பம் அக்கா ரகசியமாக எடுத்துக்கொடுத்தார். புஷ்பம் அக்காவின் ரகசியம் அடுத்த மலைக்குக் கேட்கும். ஆனால் அந்த நேரத்தில் அது எனக்குத் தெய்வ வாக்காக இருந்தது. பிடித்துக்கொண்டேன். மை நேம் இஸ் கலைவாணி என்றேன். அடுத்த வரியைப் பிள்ளைகள் எங்கிருந்தோ முணுமுணுத்தன, நான் வாங்கிச் சொன்னேன். நாக்கு பழைய தடத்தில் விழுந்துவிட்டது. அதன்பிறகு நிறுத்தமுடியாமல், கேட்காத கேள்விக்கெல்லாம் சேர்த்து, ஸ்ட்ரெங்த், ஹார்ட் வொர்க்கர், ஸ்விம்மிங், பியானோ என்று கொட்டித் தீர்த்தேன்.

மிஸ் கொஞ்சம் யோசித்தார். உங்கள் ஊர் கந்தப்பளை என்று போட்டிருக்கிறதே, அந்தக் குளிரில் எங்கே நீந்துகிறீர்கள் என்று கேட்டார்.

வீடியோப் பெண் இந்தக் கேள்வியைச் சொல்லித் தரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அவசர ஆலோசனை தொடங்கியது. என்ன கேட்டது, எங்கே என்று கேட்டது, எங்கே என்றால் எதை, தண்ணியை என்று பேச்சுப் போய், கடைசியில் ஒரு பிள்ளை கணீரென்று, "பீலி, மிஸ்" என்றது.

"இஸ் தேர் சம்வன் வித் யூ?" என்று கேட்டார் மிஸ். குரலில் தேன் இல்லை.

"நோ மிஸ்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. என்னை நம்பமாட்டார்களோ என்று வலது பக்கத்தில் மாரியப்பன் அண்ணனுக்குத் தோன்றியிருக்கவேண்டும். நல்ல மனசு அவருக்கு. ஒரு பிள்ளையின் வாழ்க்கை, சாட்சி சொல்ல ஆள் வேண்டும் என்று நினைத்திருக்கிறார். காது மந்தமானவர் பேசுகிற அதே உயரத்தில், நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"ஷீ இஸ் அலோன் ஒன்லி, மிஸ்."

பூமி பிளக்கவேண்டும் என்று நான் மனதாரக் கேட்டேன். பிளக்கவில்லை. மண்சரிவுக்குப் பேர்போன எங்கள் மலை, வேண்டிய நேரத்தில் ஒரு பிடி மண்ணைக்கூடத் தரவில்லை. நான் கூரையைப் பார்த்துத் தமிழில், "ஐயோ அண்ணே, கொஞ்சம் சும்மா இருங்களேன்" என்று கத்தினேன். பிறகு எல்லாம் போய்விட்டது, இனி என்ன என்று ஒரு துணிச்சல் வந்தது. வாரரும் வேண்டாம், வீடியோவும் வேண்டாம் என்று எனக்குத் தெரிந்த இங்கிலிஷில் பேச ஆரம்பித்தேன்.

மிஸ், நான் பொய் சொல்லவில்லை, எங்கள் வீட்டுச் சுவர் கூரை வரைக்கும் போகாது என்றேன். ஒரே கூரைக்குக் கீழே நாங்கள் எல்லோரும் இருக்கிறோம், நான் பழகியதைக் கேட்டுக் கேட்டு அவர்களுக்கும் பாடமாகிவிட்டது, இன்றைக்கு மலையில் வேலையில்லை, அதனால் எல்லோரும் வீட்டில் இருக்கிறார்கள், எனக்காகச் சேவலைக்கூட மூடி வைத்திருக்கிறார்கள் என்று சொன்னேன். இலக்கணம் எங்கெங்கோ உடைந்தது. நான் அள்ளிக்கொண்டு மேலே போனேன். நீச்சல் தெரியாது, பியானோ பொய், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்லிவிட்டேன்.

அப்படியானால் இப்போது நான் பேசுவது எல்லோருக்கும் கேட்கிறதா என்று கேட்டார் மிஸ்.

நான் பதில் சொல்லத் தேவை இருக்கவில்லை. "யெஸ், மிஸ்" என்று இரண்டு பக்கத்திலிருந்தும் பதில் வந்தது.

மிஸ் இருமினார். (சிரிப்பை விழுங்கினார் என்று பிற்பாடு அவரே சொன்னார்.) கடைசியாக ஒன்று மட்டும் கேட்கிறேன், பாதியில் நிறுத்தக்கூடாது என்பதற்காகக் கேட்கிறேன் என்றார். இப்போது அவர் ஹோட்டலில் தங்கியிருக்கும் விருந்தாளியாம். அடுத்த அறையில் ஒருவர் டிவியைச் சத்தமாக வைத்திருக்கிறாராம், தூங்கமுடியவில்லையாம், போன் எடுத்து என்னிடம் முறையிடுகிறாராம். நான் என்ன சொல்லவேண்டும்?

இந்த உலகத்தில் அந்தக் கேள்விக்கு என்னைவிடத் தகுதியான ஆள் உண்டா? பத்தொன்பது வருட அனுபவம். சாரி மேடம் என்று ஆரம்பித்தேன். அந்தக் கஷ்டம் எனக்குத் தெரியும் மேடம் என்றேன். நான் அவரிடம் போய்ச் சத்தம் போடமாட்டேன், சத்தம் போட்டால் அவர் ரோஷத்தில் இன்னும் கூட்டி வைப்பார். கதவைத் தட்டி, சாப்பிட்டீங்களா என்று முதலில் கேட்பேன். அவருக்குக் காது கொஞ்சம் கேட்காமல் இருக்கலாம், அவர் கெட்டவர் இல்லை. பக்கத்தில் ஒரு அம்மா காலையில் எழுந்து வேலைக்குப் போகவேண்டும், பாவம் என்று மெதுவாகச் சொல்லுவேன். அப்படிச் சொன்னால் யாராயிருந்தாலும் குறைத்துவிடுவார்கள் மேடம் என்றேன்.

நன்றாகத்தான் முடித்தேன். ஆனால் வலது பக்கத்தில் ஒரு மனுசனுக்குச் சுருக்கென்று பட்டுவிட்டது. டிவி, காது, பக்கத்து அம்மா என்று கேட்டவருக்கு, நான் யாரைப் பற்றிக் கொழும்பு மிஸ்ஸிடம் முறையிடுகிறேன் என்பதில் சந்தேகம் இருக்கவில்லை.

"சாரி, மேடம். டுநைட் நோ டிவி" என்றார் மாரியப்பன் அண்ணன்.

அதற்குப் பிறகு போனில் ஒரு விநோதமான சத்தம் கேட்டது. பிறகு லைன் அறுந்தது.

வெளியே வந்தேன். லயம் முழுதும் வாசலில் நின்றது. எல்லோர் முகத்திலும் நல்ல ரிசல்ட் பார்த்துவிட்டு வந்த பெருமிதம். புஷ்பம் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"எப்படி வாணி, நல்லா சொன்னோமா?"

சொன்னியா என்று கேட்கவில்லை. சொன்னோமா என்று கேட்டார். எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தது. பதில் சொல்லாமல் கையை உதறிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டு அழுதேன். அழுததும் எல்லோருக்கும் கேட்டது, வேறெப்படி? அன்றைக்கு முழுவதும் யாரும் சுவருக்கு மேலாக ஒன்றும் பேசவில்லை. பொழுது சாய்ந்தும் மாரியப்பன் அண்ணன் வீட்டில் டிவி போடவில்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார். அம்மா ஆணியிலிருந்து பையை எடுத்து, என் உடுப்புகளை ஒவ்வொன்றாக மடித்து வைக்க ஆரம்பித்தார். மடித்த மாதிரியே சில உடுப்புகளைத் திரும்ப வெளியே எடுத்து மறுபடி மடித்தார். அவருக்கும் என்னை அனுப்ப மனசில்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

என்னைக் கூட்டிப்போக மாமா வருவதற்கு முன்னால் மிஸ்ஸின் போன் வந்தது. இந்த முறை நான் போனைத் தூக்கிக்கொண்டு தேயிலைக்குள் ஓடினேன். யாரும் உதவக்கூடாது என்பது விதி, ஆகவே அந்தப் பரீட்சையைக் கணக்கில் எடுக்கமுடியாது என்றார் மிஸ். சரி மிஸ் என்றேன். ஆனால் அந்தக் கடைசிப் பதிலை எங்கே படித்தீர்கள் என்று கேட்டார். படிக்கவில்லை மிஸ், லயத்தில் இருந்தேன் என்றேன். நேரில் வாருங்கள், மறுபடி ஒருதரம் செய்து பார்ப்போம் என்றார். வைக்கும் முன்னால், "கலைவாணி, ப்ளீஸ், கம் அலோன்" என்றார்.

தனியாகப் போகவிடுவார்களா? பஸ் நிற்கிற இடம் வரைக்கும் லயம் வந்தது. நான் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்த புஷ்பம் அக்கா, வேலைக்கு அரை நாள் போடச் சொல்லிவிட்டு வந்து, என் தலையில் பூ வைத்தார். அப்பா நுவரெலியா வரைக்கும் கூடவே வந்து, ஹோட்டல் கேட்டுக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

உள்ளே கம்பளம் விரித்த அறை. உட்கார்ந்ததும் நான் முதலில் பார்த்தது சுவரைத்தான். கூரை வரைக்கும் போயிருந்தது. ஒரு விரல் நுழையவும் இடமில்லை. மிஸ் என்னைவிட வயதில் கொஞ்சம்தான் கூடினவர், கண்ணாடி போட்டிருந்தார். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார். அதே அமைதி. அந்தச் சுவருக்கு மேலாக எனக்கு யாரும் எடுத்துக்கொடுக்கப் போவதில்லை. ஆனால் என் காதுக்குள் புஷ்பம் அக்காவின் ரகசியம் வந்துவிட்டது. மை நேம் இஸ்... நான் சொல்லத் தொடங்கினேன். ஹார்ட் வொர்க்கர் என்ற வரியை எடுத்துவிட்டேன். கூட்டமான இடத்தில் சண்டையில்லாமல் வாழத் தெரியும் மிஸ் என்று சொன்னேன். பொழுதுபோக்கு என்ன என்று கேட்டபோது, சுவருக்கு மேலாகப் பேசுவது என்றேன்.

வேலை கிடைத்தது. அம்மா பையைத் திரும்பப் பரணில் போட்டார். அன்றைக்கு லயத்தில் பாயசம் வைத்தோம். புஷ்பம் அக்கா குடித்துவிட்டு, முதல் தடவையே நாம நல்லாத்தான் சொன்னோம், அவங்களுக்குத்தான் வெளங்கல என்று தீர்ப்புச் சொன்னார்.

ஆனால் மாரியப்பன் அண்ணன் அன்றைக்குச் சொன்ன சாட்சி வாக்கியம் மட்டும் என்னை விடவில்லை. என்னைப் பெண் பார்க்க வந்தபோது, மாப்பிள்ளை என்னோடு கொஞ்சம் தனியாகப் பேசவேண்டும் என்றார். பெரியவர்கள் எல்லோரும் நாசூக்காக வெளியே போனார்கள். அவர் தயங்கித் தயங்கி, உங்களுக்கு இந்தச் சம்பந்தத்தில் சம்மதமா என்று கேட்டார். நான் வெட்கத்தில் வாய் திறக்கவில்லை. கேள்வி தொங்கியது. "ஷீ இஸ் அலோன் ஒன்லி, சார், தைரியமா பேசுங்க" என்று வலது பக்கத்திலிருந்து சாட்சி வந்தது. மனுசன் பயந்து ஓடாமல் சிரித்தார். அதனால்தான் கட்டிக்கொண்டேன். இப்போது எங்கள் வீட்டில் யார் எங்கே தனியாகப் போனாலும், பிரசவ வார்டுக்கு நான் போனபோதுகூட, வழியனுப்புகிறவர்கள் அந்த வாக்கியத்தைச் சொல்லித்தான் அனுப்புவார்கள்.

மிஸ் வேறு ஹோட்டலுக்குப் போய்விட்டார். அவர் பார்த்த வேலையில் ஒரு பகுதியை இப்போது நான் பார்க்கிறேன். புதிதாக வருகிறவர்களின் இங்கிலிஷைப் போனில் சோதிப்பது. போன வாரம் பூண்டுலோயாப் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து ஒரு பிள்ளை பேசினாள். தனியாக இருக்கிறீர்களா என்று விதிப்படி கேட்டேன். யெஸ் மிஸ் என்றாள். அவளுக்குப் பின்னால் அமைதி. சாதாரண அமைதி இல்லை. பல பேர் சேர்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டால் வருகிற அமைதி. எங்கோ ஒரு தும்மல் பாதியில் அமுங்கியது.

பக்கத்தில் இருக்கிறவர்களுக்கும் என் காலை வணக்கத்தைச் சொல்லுங்கள் என்று இங்கிலிஷில் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து, தூரத்தில், தயங்கித் தயங்கி, பல குரலில் "குட் மோர்னிங், மிஸ்" என்று வந்தது. நேரில் வரச் சொல்லியிருக்கிறேன்.

அன்று சாயங்காலம் அம்மா வீட்டுக்குப் போனபோது இதைச் சொன்னேன். அம்மாவிடம்தான் சொன்னேன். வலது பக்கத்தில் டிவி சத்தம் குறைந்தது. மாரியப்பன் அண்ணனின் குரல் சுவருக்கு மேலாக வந்தது.

"அந்தப் புள்ள வீட்டு ஆளுங்க நல்லா சொன்னாங்களா, தங்கச்சி?"

கேள்வியைத் தொங்கவிடக்கூடாது.

"நல்லா சொன்னாங்க அண்ணே" என்றேன்.